ராகு காலத்துக்கு ஒரு ஆள்

1

மெட்ராசில் எங்கள் பழைய பங்குக் கோயிலின் மாதப் பத்திரிகையை நடத்துகிறவர் எனக்குத் தெரிந்தவர்தான். அந்நியக் கலாசாரத்தின் நடுவில் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றி வருகிறீர்கள் என்று நம் வாசகர்களுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். நல்ல மனசோடு கேட்டதுதான். ஆனால் படித்ததும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்று எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

நாங்கள் ஸாம்பியாவுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. செம்புச் சுரங்கம் இருக்கிற ஒரு பட்டணம். அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் நான் பூகோளமும் என் வீட்டுக்காரர் கணக்கும் சொல்லித் தருகிறோம். மெட்ராசை விட்டுக் கிளம்புமுன் கோயில் பக்கத்துக் கூடத்தில் கேக்கும் மிக்ஸரும் கொடுத்து வழியனுப்பினார்கள். பேசியவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: போகிற இடம் ஒரு மாதிரி, விசுவாசத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நகைப்பெட்டியோடு ராத்திரி ரயிலில் ஏறுகிறவளுக்குச் சொல்வது போலச் சொன்னார்கள்.

இந்த ஐந்து வருடத்தில் இங்கே ஒருவரும் என் விசுவாசத்தின் மேல் கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை இரண்டு மணி நேரம் நடக்கிறது. பெண்கள் காணிக்கையை ஆடிக்கொண்டே கொண்டுவந்து வைக்கிறார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. எனக்கு வருகிற தொந்தரவெல்லாம் மெட்ராசிலிருந்து கப்பலில் வருகிறது. வருடா வருடம், பழுப்புக் காகிதம் சுற்றி, என் கொழுந்தனார் அனுப்புகிற காலண்டராக.

தி.நகர் ஜவுளிக்கடைக் காலண்டர் அது. மேலே அட்டையில் வேளாங்கண்ணி மாதா. நம்மவர்களுக்கென்று தனியாக மாதா படம் போட்டு அடிக்கிறார்கள். கீழே கிழிக்கிற தாள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். மாதாவின் காலடியில் ராகு காலம், எமகண்டம், குளிகை என்று வரிசையாக இருக்கும். கடைக்காரரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவர் வியாபாரி, கேட்கிறதைக் கொடுக்கிறார். கேட்கிறவர்கள் நாம்.

2

இப்போது இதை எழுத வைத்தது என் மகள் ரீட்டாவின் புதுநன்மை, அதாவது அவள் முதல் முதலாக நற்கருணை வாங்கிய பூசை. அவளுக்கு எட்டு வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். விளையாட்டில் சண்டை வந்தால் இந்த ஊர்ப் பாஷையில் திட்டுவாள். எங்கள் பங்குச் சாமியார் இந்த நாட்டுக்காரர், இளைஞர். காலையெல்லாம் சுற்றியுள்ள கிராமங்களில் பூசை வைத்துவிட்டு மாலைதான் பட்டணத்துக்கு வருவார். அதனால் பிள்ளைகளின் புதுநன்மையை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வைத்தார்.

இந்த ஊரில் எங்களைத் தவிர இரண்டு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தபோது நான் நேரத்தைச் சொன்னேன். பீட்டர் சார் சாம்பார் சாதத்தில் கையை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவரும் என் வீட்டுக்காரரைப் போலக் கணக்கு வாத்தியார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை அஞ்சு மணின்னா ராகு காலமாச்சே. நாலரைலேருந்து ஆறு."

"அதுக்கு என்ன சார்?"

"நமக்கு அதெல்லாம் இல்லதான். இருந்தாலும் கொழந்தைக்கு நல்ல காரியம். சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி மூணரைக்கு வைக்கச் சொல்லலாமே."

அவர் மனைவி, அது மெட்ராஸ் நேரத்துக்குப் போட்ட காலண்டர், இங்கே ஐந்து மணி என்றால் அங்கே ராத்திரி எட்டரை, ராகு எப்போதோ போயிருப்பார் என்றாள். இன்னொரு குடும்பத்துக்காரர், சூரியன் எங்கே உதிக்கிறதோ அந்த ஊர்க் கணக்குத்தான் செல்லும் என்றார். பிறகு பென்சிலை எடுத்தார்கள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு போட்ட மூன்று ஆண்கள், மாதா காலண்டரைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் ராகு எத்தனை மணிக்கு வருவார் என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரர்.

ரீட்டா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "மம்மி, ராகு அங்கிள் யாரு? அவர் போனப்புறம்தான் எல்லாரும் சர்ச்சுக்கு வருவாங்களா?"

நான் எழுந்து காலண்டரை வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூசை ஐந்து மணிக்குத்தான், வருகிறவர்கள் வரலாம் என்றேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. எங்களுக்குக் கல்யாணமாகி இந்த மாதத்தோடு பத்து வருடம். அந்தக் கதை அவருக்கும் தெரியும்.

3

கதை என் அப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ. நடந்தால் தெருவே அளந்தது போல இருக்கும். அந்தச் சந்தில் கிறிஸ்தவ வீடு எங்களது ஒன்றுதான். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மாஸ்டர்தான்.

தெருவுக்கு அவர் ஒரு வேலை செய்தார். ராகு காலத்தில் தவிர்க்க முடியாமல் ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அவர் முன்னால் படியிறங்கிப் போவார், அவர்கள் பின்னால் வருவார்கள். கிளம்பினது மாஸ்டர், நாம் கூடப் போகிறவர்கள் என்று ஒரு கணக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், இன்டர்வியூவுக்குப் போகிற பையன்கள், புது வீட்டுச் சாவி வாங்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் முன்னால் அவர் நடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஜானகி மாமிதான் அவரை அதிகம் கூப்பிட்டவள். மாமாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று கிளம்பின வெள்ளிக்கிழமை, டாக்ஸியில் முதலில் ஏறி உட்கார்ந்தது அப்பா.

அதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ராகு காலம் தொடங்குமுன் வீட்டை விட்டுக் காலை வெளியே வைத்துவிட்டால் தோஷமில்லை என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறதே, அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வாசலிலேயே நிற்பார்.

"மாமி, ஆரம்பிச்சாச்சா? கடிகாரத்தைப் பாத்துச் சொல்லுங்க. முன்னாடியே கெளம்பிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

"ஆரம்பிச்சுடுத்து மாஸ்டர். அஞ்சு நிமிஷம் ஆயிடுத்து."

"அப்ப வாங்க போலாம். எங்க ஆண்டவருக்கு எல்லா நேரமும் அவரோட நேரம்தான்."

இதை அவர் பெருமையடித்துச் சொன்னதில்லை. நாங்கள் மதம் பரப்புகிறவர்கள் இல்லை, தெருவில் யாரிடமும் வேதப் பேச்சுப் பேசினதில்லை. ஆனால் ஒரு மனுஷன் பயமில்லாமல் படியிறங்குவதை அந்தத் தெரு இருபது வருடம் பார்த்தது. எங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான், அது போதுமானதாகவும் இருந்தது.

என் கல்யாணப் புடவையைக்கூட அப்பா ராகு காலத்தில்தான் எடுத்தார். தி.நகரில் அந்த நேரத்துக்கு முகூர்த்தப் புடவைப் பக்கம் காலியாகக் கிடக்கும். கடை முதலாளி தெற்கத்திக்காரர், அவரே எழுந்து வந்து புடவையை விரித்துக் காட்டினார். "மாஸ்டர், இந்த நேரத்துல கல்யாணத்துக்கு எடுக்கிற ஆளு இந்தப் பட்டணத்துல நீங்க ஒருத்தர்தான்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அதுதான் அந்தக் கல்யாணத்தில் அவர் கடைசியாகச் சிரித்தது.

4

மாப்பிள்ளை வீட்டார் சைதாப்பேட்டை. மூன்று தலைமுறையாக வாத்தியார்கள், மூன்று தலைமுறையாகக் கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. எங்கள் சாமியார் திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பூசை என்று நேரம் கொடுத்தார், பத்திரிகையும் அப்படியே அச்சாகிவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். ரிட்டயரான ஹெட்மாஸ்டர். காபி குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பத்திரிகைல சாமி சொன்ன நேரமே இருக்கட்டும். நாங்க ஒம்பதுக்கு மேல உள்ள வர்றோம். திங்கக்கிழமை ஏழரைலேருந்து ஒம்பது என்னன்னு ஒங்களுக்கே தெரியும்."

அப்பா முதலில் புரியாதது போலப் பார்த்தார். "நாம ஞானஸ்நானம் வாங்கினவங்க சார்" என்றார்.

"வாங்கினவங்கதான். ஊரோட ஒத்துப் போகணும்ல? நாளைக்குப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேப்பீங்க? எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அந்த நேரத்துல உள்ள கால் வைக்க மாட்டாங்க. இஷ்டம் இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் போன பிறகு அப்பா கோயிலுக்குப் போனார். ஒன்பதே காலுக்குப் பூசையைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். சாமியார் கோபக்காரர். "பூசை ஏழரைக்கு. யார் இருந்தாலும் இல்லாட்டியும் ஆரம்பிப்பேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா திரும்பி வந்து என்னிடம், நாமும் ஒன்பதுக்கே போகலாம் என்றார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

"நீங்களாப்பா இதைச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கல்யாணம் நின்னு போச்சுன்னா உன் கதி என்னம்மா? ஊர்ல யாருக்குப் பதில் சொல்றது?"

"ஊர்ல எல்லாருக்கும் முன்னால நடந்தீங்களே."

எனக்கு இருபத்தாறு வயது. அதற்குமேல் ஒரு வரன் வருமா என்பதே சந்தேகம். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், நான் ஏழரைக்கு உள்ளே போவேன், வருகிறவர் வரட்டும் என்று.

5

ஏழரைக்குப் போனேன். அம்மா கூட வந்தாள். அப்பா, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டும் என்று கோயில் கேட்டிலேயே நின்றுவிட்டார். பீடத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலி, இரண்டு முழந்தாள் மணை. ஒன்றில் நான். சாமியார் வந்தார், காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார், பூசையை ஆரம்பித்தார்.

எனக்குப் பின்னால் முதல் பெஞ்சில் யாரோ வந்து உட்காரும் பட்டுப்புடவைச் சத்தம் கேட்டது. ஜானகி மாமி. ராகு காலத்தில் அப்பா முன்னால் போகாமல் வாசற்படி தாண்டாதவள், குளத்தைச் சுற்றித் தனியாக நடந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாதா கோயிலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது என் காதோரம் குனிந்தாள்.

"ஸ்டெல்லா, மாப்பிள்ளை எங்கடி? அவாள்லாம் வாசல்லயே நின்னுண்டிருக்காளே."

"ஒம்பதுக்கு மேலதான் வருவாங்க மாமி. ராகு காலமாம்."

மாமி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "உங்களவாளுக்கு அது கிடையாதுன்னு மாஸ்டர் சொல்லுவாரே. அந்த தைரியத்துலன்னா நான் கிளம்பி வந்தேன்" என்றாள். பிறகு, "அப்போ இத்தனை நாளா மாஸ்டர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

நன்மை வாங்க நான் தனியாகப் போனேன். திரும்பும்போது கதவு வழியாகக் கேட் தெரிந்தது. கோட்டு சூட்டில் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பெரியப்பா. அவர்களுக்குப் பக்கத்தில் என் அப்பா, கையில் பூமாலைத் தட்டு. அங்கே நின்ற சைக்கிள் ரிக்ஷாக்காரர் கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது.

"இன்னா நைனா இது, பொண்ணு உள்ள குந்திகினு கீது, மாப்ள வெளிய நின்னுகினு கீறாரு? சண்டையா?"

ஒன்பது அடித்ததும் மேளதாளம் இல்லாத குறையாக உள்ளே வந்தார்கள். சாமியார் பூசை உடுப்பைக் கழற்றியிருந்தார். "பூசை முடிஞ்சுபோச்சு. கல்யாணத்தை மட்டும் செஞ்சு வைக்கிறேன்" என்றார். பாட்டுக்காரர்கள் போயாயிற்று. கால் மணி நேரத்தில் தாலி கட்டியாயிற்று. சாமியார் கேட்டபோது சம்மதம் என்றேன். எதிரே நின்ற மனுஷர் நல்லவர் என்று அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். நல்லவர்கள் பயந்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. கெட்டவர்களிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

6

அந்த வருடம் முடிவதற்குள் மாமியின் மகள் பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தாள். நான் அப்பா வீட்டில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வலி எடுத்தது. ரிக்ஷா வந்து நின்றது. ராகு காலம் தொடங்கியிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் கதவைத் தட்டுவார்கள் என்று தெரிந்த அப்பா, எழுந்து கால்சட்டை போட்டு, ஷூவை மாட்டி, நாடாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

யாரும் தட்டவில்லை. அடுத்த வீட்டில் அந்தப் பெண் முனகுவது எங்களுக்குக் கேட்டது. பன்னிரண்டு மணி வரை காத்திருந்துவிட்டுத்தான் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமி நல்லவள், அப்பாவை ஒரு சொல் சொன்னதில்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த தெருவும் நிறுத்திவிட்டது. ரிக்ஷா போன பிறகு அப்பா ஷூவைக் கழற்றினார். என்னைப் பார்த்து எதையோ சொல்ல வந்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மாமிக்கு ராகு காலம் நம்பிக்கை. நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. என் சண்டை நம்மோடு. நம்மை யார் நெருக்கினார்கள்? கத்தியைக் காட்டினார்களா, வேலையை விட்டு எடுத்தார்களா? தெருவே நம்மிடம், நீங்கள் பயப்படாதவர்கள், முன்னால் போங்கள் என்று சொன்னது. அவர்களுக்கு முன்னால் நம் ஆட்கள்தான் கேட்டில் போய் நின்றார்கள். அந்தப் பெரியப்பா செத்தபோது அவர் விசுவாசத்தின் தூண் என்று இதே பத்திரிகையில் அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நான் அதை அடுப்பில் போட்டேன்.

7

புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கெல்லாம் என் வீட்டுக்காரர் குளித்து உடுத்தி, காரில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். பத்து வருடத்துக்கு முன்னால் வராதவர் இன்று முதல் ஆளாக வருகிறாரே என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது. நாலரைக்கு முன்னால் காலை வெளியே வைத்துவிட்டால் தோஷமில்லை. பூசை முழுக்க என் பக்கத்தில் முழங்காலில்தான் இருந்தார். இடம் கொடுத்தேன், முகம் கொடுக்கவில்லை. பீட்டர் சார் குடும்பம் ஆறு மணிக்குமேல் வந்து கேக் சாப்பிட்டார்கள்.

சரியாக ஐந்து மணிக்கு வந்தவள் சிவகாமி. எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ், மதுரைப் பக்கத்து இந்துக் குடும்பம். பூசை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் கணவருக்கு அனுமதிச் சீட்டு புதுப்பிக்க வேண்டும், திங்கள் காலை குடியேற்ற ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆபீஸ் எங்களுக்கும் தெரிந்ததுதான். புருஷன் பெயருக்கும் பெண்டாட்டி பெயருக்கும் கடைசிப் பகுதி ஏன் ஒன்றாக இல்லை என்று கேட்டு எங்களையே மூன்று தடவை அலையவிட்டார்கள்.

"நாளைக்கு நேரம் சரியில்லக்கா. போகாமலும் இருக்க முடியாது. ஒங்களுக்குத்தான் அதெல்லாம் கெடையாதுல்ல? நீங்க முன்னால போனீங்கன்னா அவுக பின்னாலயே வந்துருவாக."

அப்பாவைப் பற்றி நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

திங்கள் காலை அவள் கணவர் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் கதவுக்குள்ளேயே நின்றார். என் வீட்டுக்காரர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏழே காலுக்கே கெளம்பிடேன். வரிசைல முன்னாடி நிக்கலாம்."

நான் இன்னொரு டம்ளர் காபி ஊற்றிக்கொண்டேன். அதை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ஏழரை ஆயிற்று. இன்னும் கொஞ்சம் இருந்தேன். அவர் சாவியை மேசைமேல் வைக்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நானே திறந்தேன்.

ரீட்டா பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"மம்மி, ராகு அங்கிள் வந்துட்டாரா?"

"வந்தாச்சு. வா, போகலாம்" என்று படியிறங்கினேன்.